கேதம் சொல்லாத சாவு

சுற்றுலாப் போகிற மூஞ்சியா அது? அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்தில் இருந்த டிராவல்ஸ் கடைக்காரருக்கே சந்தேகம் வந்துவிட்டது. பரளச்சியிலிருந்து முதல் பஸ்ஸுக்கு வந்து இறங்கிய ராஜேஸ்வரி, கடை வாசலில் ஒட்டியிருந்த விளம்பரத்தில் விரலை ஊன்றி, "இதுல எனக்கு ஒண்ணு போடுங்க" என்றாள். ‘ஒரு நாள் தனிச் சுற்றுலா. மதுரை மாநகரமும் மலை மடமும். காரும் கைடும் உங்களுக்கு மட்டுமே’ என்று அதில் அச்சடித்திருந்தது.

"எத்தனை பேரும்மா?"

"நான் ஒருத்திதான்."

"ஒரு ஆளுக்கு எதுக்குத் தனிக் காரு? அதெல்லாம் பெங்களூர்க்காரவுக, வெளிநாட்டுக்காரவுக போறது."

"ஏன், பரளச்சிக்காரி ஏறுனா காரு ஓடாதாக்கும்?"

அவர் புதன்கிழமைக்குப் பெயரைக் குறித்துக்கொண்டார். நாற்பத்தேழு வயதில் ராஜேஸ்வரி அப்படித்தான். நல்ல மனுஷிதான், ஆனால் பதினோரு வருஷமாக அவளுக்குள் கனன்றுகொண்டிருந்த கோபம், யார் வாயைத் திறந்தாலும் அவர்கள் மேல் கொஞ்சம் தெறித்துவிடும்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை அவளுடைய ஒரே மகள் தங்கச்செல்விக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மல்லாங்கிணறு. பத்திரிகை கொடுத்தாகிவிட்டது, மண்டபமும் பிடித்தாகிவிட்டது. எல்லாம் ஆன பிறகு போன வாரம் மாப்பிள்ளையின் தாய்மாமன் சந்தனம் வீட்டுக்கு வந்தார். முறை, சம்பிரதாயம் என்றால் மனுஷன் உயிரை விடுவார். சித்தப்பா செத்ததற்குத் தனக்குக் கேதம் சொல்லி ஆள் அனுப்பவில்லை என்று, சித்தப்பா மகனோடு பதினைந்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறவர். கொடுத்த காப்பியை முழுசாகக் குடித்து, டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் அவர் பேச்சை எடுத்தார்.

"தப்பா நெனைக்காத தாயி. பொண்ணோட தகப்பனாரு இருக்காரா, இல்லையா? ஒண்ணத் தெளிவாச் சொல்லிரு. இருக்காருன்னா வந்து மேடையில நிக்கட்டும். இல்லேன்னா, புருசன் இல்லாத பொம்பள தாரை வார்க்க மேடையேறக் கூடாது. பெரியப்பாவும் பெரியம்மாவும் நின்னு பண்ணட்டுமே."

பெரியப்பா அய்யப்பன், அதாவது ராஜேஸ்வரியின் புருஷனுக்கு அண்ணன், பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் ராஜேஸ்வரிக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. பிள்ளைக்கு மஞ்சள்காமாலை வந்து கிடந்தபோது எட்டிப் பார்க்காத பெரியப்பா, இப்போது தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு தாரை வார்க்க வருகிறாராம்!

அவள் புருஷன் காசிராஜன் இருந்தார். அதுதான் கொடுமையே. இல்லாமல் போயிருந்தால்கூட ஒரு வழியாக அழுது தீர்த்திருப்பாள்.

மூன்றாவது வருஷமாக மழை ஏமாற்றிய ஓர் ஐப்பசி மாதம், செவ்வாய்க்கிழமை காலையில், "மருந்தடிக்கிற மெஷினுக்கு வாசர் போயிருச்சு. டவுனுக்குப் போயி வாங்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். கிணறு கிணறாகத் தேடினார்கள். போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். நாலு வருஷம் கழித்து, அருப்புக்கோட்டையில் செல்போன் கடைக்காரர் ஒருவர் ஒரு வீடியோவைக் காட்டினார். மதுரைக்கு மேற்கே ஒரு மலைமேல் இருக்கிற மடம். அதில் மொட்டைத் தலையும் காவியுமாக உட்கார்ந்து பற்றைப் பற்றி உபதேசம் பண்ணிக்கொண்டிருந்தார், நிர்மலபோத சுவாமிகள். இடது புருவத்தில் ஏர்க்கொழு கிழித்த தழும்பு அப்படியே இருந்தது.

ராஜேஸ்வரி இரண்டு தடவை அந்த மலைக்குப் போனாள். "சுவாமிகளுக்குப் பழைய உறவு கிடையாது. குடும்பத்து ஆளுங்க பார்க்க முடியாதும்மா" என்று இரண்டு தடவையும் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது தடவை தங்கச்செல்வி பள்ளிக்கூடச் சீருடையோடு கூட நின்றாள். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தும் கேட்டைத் திறக்கவில்லை. ஆனால் அவர்கள் நின்றுகொண்டிருந்தபோதே மூன்று சுற்றுலாக் கார்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் கேட் விரியத் திறந்தது. ஊரார் பார்க்கலாம், பெற்ற மகள் பார்க்கக் கூடாது என்றால் வயிறு எரியாதா?

அதற்குப் பிறகு அவள் போகவில்லை. நாலு ஏக்கர் கரிசலில் மக்காச்சோளம் போட்டாள். புழு தின்றது போக மீதியைக் காட்டுப்பன்றி தின்றது. பன்றிக்குத் தடுப்பாகக் சோளக்காட்டைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டினாள். சேலை பத்தாமல் போனபோது பெட்டியைத் திறந்து கல்யாணக் கூரைப்புடவையையும் எடுத்துக் கட்டினாள். பன்றி அதற்கும் மரியாதை கொடுக்கவில்லை. சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி சுட்டு விற்றாள். தங்கச்செல்வியை பி.காம். படிக்கவைத்தாள். இப்போது அவள் ஒரு நூற்பாலையில் ஆபீஸ் வேலை பார்க்கிறாள். இத்தனையும் செய்தவள் மண்டபத்தின் பின்வரிசையில் உட்கார வேண்டுமாம்.

இந்தத் தடவை குடும்பத்தாளாகப் போகப் போவதில்லை, சுற்றுலாக்காரியாகத்தான் போகப் போகிறாள். அவரைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை மேடையில் வந்து நிற்கச் சொல்ல வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

புதன்கிழமை காலை ஆறரைக்கு வெள்ளைக் கார் வந்தது. காரை ஓட்டுவதும் கதை சொல்வதும் ஒரே ஆள்தான், கிருஷ்ணப்ரியா என்று ஒரு பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கழுத்தில் அட்டை, வாய் நிறைய வரலாறு.

"வணக்கம் அக்கா! இன்னைக்கு நாம மொதல்ல மீனாட்சியம்மன் கோயில், அடுத்து மகால்..."

"நேரா மலைக்குப் போ."

"மடத்துல டூரிஸ்ட்டுங்கள மூணு மணிக்குத்தான் விடுவாங்க அக்கா. மூணுலேர்ந்து மூன்றரை. அந்த நேரத்துல சுவாமிகள் வந்து பேசுவாரு. அதுவரைக்கும் நான் உங்களுக்கு மதுரையச் சுத்திக் காட்டணும்."

"நான் பாக்காத மதுரையா? ஆஸ்பத்திரிக்கு மட்டும் நாப்பது தடவ வந்திருக்கேன்."

"ஆஸ்பத்திரி என் லிஸ்ட்ல இல்லக்கா" என்று சொல்லி அவள் வண்டியை நாலுவழிச் சாலையில் ஏற்றினாள். காரியாபட்டி தாண்டும் வரை ராஜேஸ்வரி ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தாள். இருபுறமும் உழுது போட்ட நிலங்கள் மழைக்குக் காத்துக் கிடந்தன. ஆவணி பாதி தாண்டியும் ஒரு துளி இல்லை. அதை நினைத்தாலும் கோபம்தான் வந்தது.

கோயிலில் கம்பத்தடி மண்டபத்துத் தூணுக்கு முன்னால் கிருஷ்ணப்ரியா நின்றாள். "இதுதான் அக்கா மீனாட்சி கல்யாணம். நடுவுல அம்மன், இந்தப் பக்கம் சொக்கநாதர், அந்தப் பக்கம் கெண்டியோட நிக்கிறது பெருமாள். அம்மனோட அப்பா பாண்டிய ராஜா அப்ப உயிரோட இல்ல. அதனால அண்ணன் முறையில பெருமாள் தாரை வார்த்துக் குடுக்குறாரு."

ராஜேஸ்வரி அந்தச் சிலையை வெகுநேரம் பார்த்தாள். "ஆத்தாக்காரி?"

"காஞ்சனமாலை. அவங்க இருந்தாங்க."

"இதுல எங்க?"

கிருஷ்ணப்ரியா தூணைச் சுற்றிப் பார்த்தாள். நானூறு பேருக்காவது இந்தச் சிலையைக் காட்டியிருப்பாள். இப்படி ஒரு கேள்வி அவளிடம் வந்ததில்லை. "இதுல இல்லக்கா."

"உசுரோட இருந்த பொம்பளைய எங்க நிப்பாட்டுனாக? அடுப்படியிலயா? பெத்து வளத்தவளுக்கு ஒரு கல்லு கெடைக்கலையா இவுகளுக்கு!"

பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ராஜேஸ்வரிக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அம்மனைக் கும்பிடும்போதுகூட, "ஒங்க ஆத்தாளுக்கு நடந்தது எனக்கு நடக்கக் கூடாது, பாத்துக்க" என்றுதான் வேண்டினாள். வேண்டுதல் மாதிரி இல்லை அது. சண்டை மாதிரி இருந்தது.

மகாலில் தூண் எத்தனை அடி உயரம் என்பதெல்லாம் அவள் காதில் ஏறவே இல்லை. மதியச் சாப்பாட்டில் கையை வைத்துவிட்டு, சோற்றைப் பிசைந்தபடி எல்லாவற்றையும் கிருஷ்ணப்ரியாவிடம் கொட்டினாள். வாசர், வீடியோ, கேட், சந்தனம் குடித்த காப்பி வரைக்கும். கேட்டுக்கொண்டிருந்த கிருஷ்ணப்ரியாவின் இலையிலும் சோறு அப்படியே இருந்தது.

"ஆனா அக்கா, அந்த மடத்துல ஒரு ரூல் உண்டு. கல்யாணமானவங்களுக்குச் சம்சாரத்தோட சம்மதம் இல்லாம காவி குடுக்க மாட்டாங்க. நானே எல்லார்கிட்டயும் சொல்லுவேன்."

"என் சம்மதத்த யாருகிட்ட வாங்குனாகளாம்?"

மலை அடிவாரத்தில் அரசமரம், மேலே போகக் கார்ப் பாதை, உச்சியில் வெள்ளையடித்த மடம். வாசலில் இருந்த சின்னச் சாமியார் ஒரு பாரத்தை நீட்டினார். பெயர், ஊர், அதற்குக் கீழே ஒரு கேள்வி: மடத்துத் துறவியர் எவருக்கேனும் உறவினரா? கிருஷ்ணப்ரியா ராஜேஸ்வரியின் முகத்தைப் பார்க்காமலே ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்தாள். இது தெரிந்தால் இனிமேல் அவளுடைய காரை உள்ளே விடமாட்டார்கள். பிழைப்பே அதுதான். இருந்தும் எழுதினாள்.

கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று அடிக்கவும் அவர் வந்தார். தரையில் உட்கார்ந்தார். உடம்பு வற்றியிருந்தது, ஆனால் தோல் மினுமினுவென்று இருந்தது. வெயிலில் நின்று பதினோரு வருஷம் ஆகிவிட்டதல்லவா! ராஜேஸ்வரி தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். கரி மூட்டத்தில் வெந்த தழும்புகள் முழங்கை வரைக்கும் இருந்தன.

"இந்த உடம்பும் ஒரு காலத்தில் உழவு செய்ததுதான்" என்று அவர் மெதுவாக ஆரம்பித்தார். பேச்சில் ஊர் வாடையே இல்லை. "என் நிலம், என் மனைவி, என் மகள் என்று கிடந்தது. ஒரு நாள் எதுவும் எனதில்லை என்று தெளிந்தது. இல்லாளிடம் சொன்னேன். அவள் கலங்கவில்லை. மனமுவந்து விடை கொடுத்தாள். அந்தப் புண்ணியவதியின் சம்மதம்தான் இந்தக் காவி."

"எந்தப் புண்ணியவதி?"

கூடமே திரும்பியது. ராஜேஸ்வரி எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"எந்தப் புண்ணியவதின்னு கேட்டேன். எங்கிட்ட எப்ப விடை கேட்டீக? வாசர் வாங்கிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போனீக. மெஷினு இன்னும் தொழுவத்துல வாசர் இல்லாமக் கெடக்கு. வாய் கூசல ஒங்களுக்கு?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. வாசலில் இருந்த சின்னச் சாமியார் ஓடி வந்து, "அம்மா, உக்காருங்க, சுவாமிகள்கிட்ட இப்படி..." என்றார்.

"கார் வச்சு வந்திருக்கேன் சாமி. மூன்றரை வரைக்கும் எனக்கும் பாத்தியம் உண்டு" என்று அவரை ஒதுக்கிவிட்டு ராஜேஸ்வரி இரண்டு எட்டு முன்னால் போனாள். "ஞாயித்துக்கெழம ஒங்க மகளுக்குக் கல்யாணம். தாரை வார்க்க நீங்க வரணும். வீட்டுக்கு வர வேணாம். எங்கூடப் பேச வேணாம். இந்தக் காவியோடவே வந்து ஒரு நாழி நின்னு, தண்ணிய ஊத்திட்டு மலையேறிருங்க. அந்தப் பிள்ளைக்காக இத மட்டும் செய்யுங்க."

அவர் கண்களை மூடிக்கொண்டார். "காசிராஜன் இல்லையம்மா. காவி வாங்குவதற்கு முந்தின நாள் அவனுக்கு நானே ஈமக்காரியம் செய்துவிட்டேன். பிண்டமும் வைத்தாகிவிட்டது. பத்து வருடங்கள் ஆகிவிட்டன. செத்தவன் எப்படி வருவான்?"

ராஜேஸ்வரிக்கு ஒரு மூச்சு நேரம் கோபம்கூட வரவில்லை. அப்புறம் வந்ததே ஒரு கோபம்!

அவர்கள் ஊர்ப்பக்கத்தில் வெட்டுப் பகையாக இருந்தாலும் சாவுக்குக் கேதம் சொல்லியாக வேண்டும். பத்துப் பேர் போனில் சொல்லியிருந்தாலும் கணக்கில்லை. ஓர் ஆள் நேரில் வந்து, வாசலில் நின்று, இன்னார் தவறிவிட்டார் என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் எந்தப் பகையாளியும் வந்தே தீருவான். சொல்லாத சாவை உறவுமுறை ஏற்காது. உழுது பிழைத்த காசிராஜனுக்கு இது தெரியாதா என்ன?

"கேதம் யாரு சொன்னா?"

அவர் கண்ணைத் திறந்தார்.

"செத்தேன்னு சொல்றீகல்ல, எங்க வீட்டுக்குக் கேதம் சொல்லி ஆள் வந்துச்சா? எங்கண்ணன் கோடிச் சேலை எடுத்துட்டு வந்தாரா? ஒங்க அண்ணன் மொட்ட போட்டாரா? பதினோராம் நாளு யாரு வீட்டுல ஒல வச்சது? பத்து வருசமா நான் ஒங்களுக்காகப் பொட்டு வச்சுக்கிட்டிருக்கேன். செத்ததச் சொல்லிவிட ஒரு ஆள் கெடைக்கலையா ஒங்களுக்கு? நாய் செத்தாக்கூட எங்க ஊருல பக்கத்து வீட்டுக்குச் சொல்லுவாக!"

பாயில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் உதடு அசைந்தது. இந்தத் தடவை பேச்சு பரளச்சிப் பேச்சாகவே வந்தது.

"இந்த வருசம் மழை உண்டா?"

பதினோரு வருஷத்தில் அவளிடம் கேட்ட ஒரே கேள்வி! மகள் பெயரைக் கேட்கவில்லை, மாப்பிள்ளை எந்த ஊர் என்று கேட்கவில்லை.

"செத்தவுகளுக்கு மழை என்னத்துக்கு?" என்று சொல்லிவிட்டு ராஜேஸ்வரி வெளியே வந்தாள்.

காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் அழுதாள். துக்கமா அது? ஆத்திரம். மதுரைக்குள் வந்ததும் கிருஷ்ணப்ரியா தயங்கித் தயங்கி, "அக்கா, லிஸ்ட்ல கடைசியா ஜிகர்தண்டா இருக்கு. வேணாம்னா விட்டுரலாம்" என்றாள்.

"ஏன் விடணும்? வாங்கு. பெருசா வாங்கு. அவருக்காக நான் எதையும் விடுறதா இல்ல."

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. மாலை மாற்றியாகிவிட்டது. தாரை வார்க்கிறவர்கள் வரலாம் என்று ஐயர் கூப்பிட்டார். அய்யப்பன் துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். அவர் மனைவி முருகலட்சுமி செம்போடு பின்னால் வந்தாள். அவர்கள் மேடைப் படியில் கால் வைப்பதற்குள் ராஜேஸ்வரி மேலே ஏறி மகளுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள். தங்கச்செல்வி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முன்வரிசையில் இருந்து சந்தனம் எழுந்தார். "தாயி, நான் அன்னைக்கே சொன்னேனே."

"சொன்னீகண்ணே. இருக்காரா, இல்லையா, ஒண்ணத் தெளிவாச் சொல்லுன்னீக. நேர்ல போயிக் கேட்டுட்டு வந்துட்டேன். செத்துப்போயிட்டேன்னு அவரே சொல்லிட்டாரு. காரியமும் அவரே பண்ணிக்கிட்டாராம், பத்து வருசத்துக்கு முந்தி."

"நல்ல காரியத்துல என்ன பேச்சுப் பேசுற!" என்று அய்யப்பன் பதறினார்.

"இருங்க அத்தான். கூடப்பொறந்தவரு செத்ததுக்கு ஒங்களுக்குக் கேதம் வந்துச்சா?"

அய்யப்பன் முழித்தார். "இல்ல."

"சந்தனத்தண்ணே, சுத்துப்பட்டுல நீங்க போகாத கேதம் இல்ல. எங்க வீட்டுக்கு வந்தீகளா?"

"இல்ல தாயி. யாரும் சொல்லலையே."

"கேதம் சொல்லாத சாவு நம்ம பக்கத்துல சாவுதானா? நீங்களே சொல்லுங்க. நீங்க என்ன சொன்னாலும் கட்டுப்படுறேன்."

சந்தனம் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். சாவுதான் என்று சொன்னால், சித்தப்பா மகனோடு பதினைந்து வருஷம் முறைத்துக்கொண்டு இருந்ததற்கு என்ன அர்த்தம்? அந்தச் சித்தப்பா மகனும் நாலாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். காதைத் தீட்டிக்கொண்டு.

"சாவு இல்லேன்னா எங்க வீட்டுல யாரும் சாகல, நான் இங்க நிக்கிறேன்" என்றாள் ராஜேஸ்வரி. "இல்ல, சாவுதான்னு சொன்னீகன்னா, இந்த மண்டபத்துல இருக்குற அத்தனை பேரும் எந்திரிச்சு வாங்க. பத்து வருசமா எனக்கு யாரும் கேதம் கேக்கல. மொதல்ல என்னையக் கட்டிப்பிடிச்சு அழுங்க. அழுது முடிச்சிட்டு, நீ தள்ளி நில்லுன்னு சொல்லுங்க. தள்ளி நிக்கிறேன்."

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எப்படி எழுந்திருப்பார்கள்? முருகலட்சுமிதான் முதலில் அசைந்தாள். புருஷனைப் பார்க்காமல் விறுவிறுவென்று மேடையேறி, செம்பை ராஜேஸ்வரியின் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

சந்தனம் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "நல்ல நேரம் போகுது. ஊத்து தாயி."

ராஜேஸ்வரி மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்து, செம்பைச் சாய்த்தாள். பதினோரு வருஷக் கோபமும் கையிலேயே இருந்ததால் தண்ணீர் மடமடவென்று கொட்டி, தாம்பாளம் நிறைந்து, மேடையெல்லாம் ஓடியது.

"மெதுவாம்மா" என்றாள் தங்கச்செல்வி. "அவரு வேட்டியெல்லாம் நனையுது."

"நனையட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் செம்பில் இருந்ததை முழுவதும் ஊற்றினாள்.